உபதேசியார் மகளின் சீட்டுக்கட்டு

வடக்குப்பட்டு உபதேசியார் செல்வநாதனுக்கு உலகத்தில் இரண்டே விரோதிகள். ஒருவன் சாத்தான், அவனை அவர் நேரில் பார்த்ததில்லை. இன்னொன்று சீட்டுக்கட்டு. அதை ஞாயிறுதோறும் ஆராதனை முடிந்த கையோடு பார்த்துவிடுவார். கோவிலுக்குப் பின்னாலிருந்த புளியமரத்தடியில் நாலு பேர் குந்தி ரம்மி ஆடிக்கொண்டிருப்பார்கள். இவர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு துரத்துவார். அவர்களும் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஓடுவார்கள். ஆள் ஒருநாளும் அகப்பட்டதில்லை. அகப்பட்டதெல்லாம் அவர்கள் போட்டுவிட்டுப் போன சீட்டுதான்.

பிடிபட்ட சீட்டுகளை ஒரு பிஸ்கட் டப்பாவில் சேர்த்து வைத்து, கிறிஸ்துமஸுக்கு முந்தின வாரம் சபையார் முன்னிலையில் கொளுத்துவார். மற்ற மாதங்களில் டப்பா வீட்டு அலமாரியில், ஜெபப் புத்தகங்களுக்குப் பக்கத்தில் இருக்கும். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பத்தாறாம் வருஷம் அந்த டப்பாவைத் திறந்து பார்த்தவள் அவருடைய ஒரே மகள் அன்னபுஷ்பம். அப்போது அவளுக்குப் பத்தொன்பது வயது. எட்டாவதோடு படிப்பை நிறுத்தியாகிவிட்டது. கல்யாணப் பேச்சு இன்னும் சூடு பிடிக்கவில்லை. மத்தியானங்கள் ரொம்ப நீளமாயிருந்தன.

டப்பாவைத் திறந்ததற்கு ஒரு காரணம் இருந்தது. அதற்கு முந்தின நாள் கடையிலிருந்து வேர்க்கடலை மடித்துவந்த காகிதத்தில் 'சீட்டு வித்தைகள்' என்று தலைப்புப் போட்டு ஏதோ அச்சாகியிருந்தது. கடலையைத் தின்றுவிட்டுக் காகிதத்தைப் படித்தாள். "நண்பர் ஒருவரை ஒரு சீட்டை எடுக்கச் சொல்லுங்கள். அதை அவர் மனதில் பதித்துக்கொண்ட பின் கட்டில் வைக்கச் சொல்லுங்கள். பிறகு" என்பதோடு பக்கம் முடிந்துவிட்டது. மறுநாள் கடைக்குப் போய் இன்னும் அரைப்படி கடலை வாங்கினாள். அது சோடா கம்பெனி விளம்பரத்தில் மடித்து வந்தது. அதற்கடுத்த நாள் வாங்கினது பஞ்சாங்கத்தில் வந்தது. கடைக்காரரிடமே கேட்டாள்.

"அந்தப் பொஸ்தகத்துல மீதிக் காயிதம் கீதா?"

"இன்னா பொஸ்தகம்? எனக்கு எல்லாம் காயிதம்தான். மீதி யார் வூட்டுக்குப் போச்சோ."

ஆகவே அந்தப் 'பிறகு' என்ன என்பதை அன்னபுஷ்பமே கண்டுபிடிக்க வேண்டியதாயிற்று. மூன்று வாரம் பிடித்தது. டப்பாவிலிருந்து ஒரு கட்டைத் தேற்றினாள். அது ஒரே கட்டல்ல; முதுகில் அன்னம் போட்டது கொஞ்சம், ஆகாய விமானம் போட்டது கொஞ்சம், ரோஜாப்பூ போட்டது கொஞ்சம். இஸ்பேட் ராணிகள் மூன்று பேர் இருந்தார்கள், சிவப்பு இதயம் போட்ட ஆட்டின் ஜாதியில் ராஜா ஒருவன்கூட இல்லை. சுவரைப் பார்த்து உட்கார்ந்து, தானே நண்பராகவும் தானே வித்தைக்காரியாகவும் இருந்து பார்த்தாள். தானே எடுத்த சீட்டைத் தானே கண்டுபிடிப்பதில் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை என்பது நாலாம் நாள் தெரிந்தது. கடைசியில் ஒரு மத்தியானம், கட்டின் அடிச்சீட்டைத் தற்செயலாகப் பார்த்துவிட்டு வெட்டி வைத்தபோது சட்டென்று பிடிபட்டது. அடிச்சீட்டு எதுவென்று தெரிந்தால் போதும். நண்பர் தன் சீட்டைக் கட்டின் மேலே வைக்க, வெட்டி வைத்ததும் அது நண்பருடைய சீட்டின் தலைமேல் போய் உட்கார்ந்துகொள்ளும். தலையில் யார் இருக்கிறார் என்று பார்த்தால் கீழே இருப்பவர் மாட்டிக்கொள்வார். அன்னபுஷ்பம் எழுந்து நின்று, தனியாக, சத்தம் வராமல் கைதட்டிக்கொண்டாள்.

அவளைப் பெண் பார்க்க வந்தவன் ஏசுதாஸ். ஒரகடம் கூட்டுரோட்டில் வாடகை சைக்கிள் கடை வைத்திருந்தான். அம்மாவையும் மாமாவையும் அழைத்துக்கொண்டு மூன்று மணிக்கே வந்துவிட்டான். அவள் அப்போது பயிற்சியில் இருந்தாள். அவசரத்தில் கட்டை டப்பாவில் போட்டாள். கையில் மிஞ்சிய ஒரு சீட்டை இடுப்பில் சொருகிக்கொண்டு காப்பித் தட்டை எடுத்தாள். மாப்பிள்ளைக்கு முன்னால் குனிந்தபோது ஆட்டின் ஏழு பாயில் விழுந்தது, முகம் மேலே பார்க்க.

உபதேசியார் முகம் சுண்ணாம்படித்த மாதிரி ஆகிவிட்டது. "அது... பறிமுதல் பண்ணது" என்றார். மகளின் இடுப்பிலிருந்து ஏன் வந்தது என்று அவராலும் சொல்ல முடியவில்லை. மாப்பிள்ளையின் அம்மா எழுந்திருக்கத் தயாரானாள். ஏசுதாஸ் மட்டும் சாவதானமாகக் குனிந்து அந்தச் சீட்டை எடுத்து, தூசி தட்டி, சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டு காப்பியைக் குடித்தான். இரண்டே நாளில் பெண் பிடித்திருப்பதாகச் சொல்லி அனுப்பினான்.

ஏன் பிடித்தது என்பது கல்யாணமாகி ஐந்தாம் நாள் விளங்கிற்று. மத்தியானம் சாப்பிட்டு முடித்ததும் ஏசுதாஸ் பாயை விரித்தான். புத்தம்புதுக் கட்டொன்றை எடுத்து, முகமெல்லாம் சிரிப்பாக, இரண்டு பேருக்கும் பதின்மூன்று பதின்மூன்றாகப் போட்டான்.

"வா புஷ்பம், ஒரு ஆட்டம்."

"எனக்கு ஆடத் தெரியாதே."

"வெளையாடாத. எடு."

"நெஜமாத்தான். எங்க வூட்டுல சீட்ட தொட்டாலே அப்பா கொன்னுடுவாரு."

ஏசுதாஸின் சிரிப்பு கொஞ்சம் கொஞ்சமாக வடிந்தது. "பின்ன அன்னைக்கு இடுப்புல இன்னாத்துக்கு சீட்டு வெச்சிக்கினு இருந்த?"

"கண்டுபுடிக்க" என்றாள் அன்னபுஷ்பம். கட்டை வாங்கி, ஒரு சீட்டை எடுக்கச் சொல்லி, வைக்கச் சொல்லி, வெட்டச் சொல்லி, "கிளாவர் ஜாக்கி" என்று கண்டுபிடித்துக் கொடுத்தாள். அவளுடைய முதல் ரசிகன் அவன்தான். ரசிகன் நெடுநேரம் யோசித்துவிட்டு, "இத்த வெச்சிக்கினு ரம்மில இன்னா பண்றது?" என்று கேட்டான்.

கல்யாண வாழ்க்கையில் அவனுக்கு ஏற்பட்ட பெரிய ஏமாற்றம் அதுதான். சோறு, குழம்பு, குணம் எதிலும் அவன் குறை சொன்னதில்லை. ரம்மி கற்றுக்கொடுத்துப் பார்த்தான். அவளுக்கு அது மண்டையில் ஏறவேயில்லை. கையிலுள்ள சீட்டைச் சேர்ப்பதை விட்டுவிட்டு அடிச்சீட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவனுடைய கூட்டாளிகளோ அவள் கட்டைத் தொட்டாலே பதறினார்கள். "தங்கச்சி, நீ டீ மட்டும் போட்டுக் குடும்மா" என்றார்கள். அப்புறம் கிரேசி பிறந்தாள், ரூத் பிறந்தாள். சீட்டு வித்தை என்று ஒன்று இருப்பதே அவளுக்கு மறந்துபோயிற்று.

எழுபத்தொன்றாம் வருஷம் மழைக்காலத்தில் கிணற்றடியில் வழுக்கி விழுந்து இடது மணிக்கட்டை உடைத்துக்கொண்டாள். மாவுக்கட்டுப் பிரித்த டாக்டர், விரல் மரத்துப்போகாமலிருக்க ஒரு ரப்பர் பந்தை வாங்கி நாள் முழுக்க அமுக்கச் சொன்னார். பந்தை முதல் நாள் ரூத் எடுத்துப்போய் ஏரியில் போட்டாள். இரண்டாவது பந்தை நாய் கவ்விக்கொண்டு போயிற்று. மூன்றாவது பந்து வாங்க ஏசுதாஸ் மறுத்துவிட்டான். அப்போதுதான் அவள் கண்ணில் சைக்கிள் கடை அலமாரியிலிருந்த சீட்டுக்கட்டு பட்டது.

கடைக்குப் பின்னால் ஓலை வேய்ந்த அறை ஒன்று. ஞாயிறு மத்தியானம் ஏசுதாஸும் மூன்று கூட்டாளிகளும் அங்கேதான் ஆடுவார்கள். அவர்களிடம் பழைய கட்டொன்று இருந்தது. அதை இடது கையில் வைத்து, ஒரே கையால் வெட்டப் பழகினாள் அன்னபுஷ்பம். கட்டைவிரலால் பாதிக் கட்டை விடவேண்டும். ஆள்காட்டி விரலால் அதை மேலே தள்ளவேண்டும். மேல் பாதி கீழே இறங்கவேண்டும். முதல் மாதம் முழுக்கச் சீட்டுகள் தரையில்தான் இறங்கின. குனிந்து குனிந்து பொறுக்கியதில் இடுப்புக்கு நல்ல பயிற்சி. இரண்டாம் மாதம் கை தானாகவே வெட்டத் தொடங்கிற்று. கூடவே பழைய வித்தையும் நினைவுக்கு வந்தது.

இப்போது அவளுக்கு முப்பத்துநாலு வயது. பத்தொன்பது வயதில் இல்லாத ஒரு தகுதி வந்திருந்தது. கிரேசிக்கும் ரூத்துக்கும் ஏழெட்டு வருஷமாக மாதாமாதம் விளக்கெண்ணெய் கொடுத்திருக்கிறாள். ஒரு கையில் சர்க்கரையைக் காட்டி, "அதோ பார், காக்கா" என்று சொல்லி, மறு கையால் காரியத்தை முடிப்பது சாமானியமல்ல. குழந்தைகளை ஏய்த்தவளுக்குப் பெரியவர்களை ஏய்ப்பது சுலபமாக இருந்தது. கூட்டாளிகள் டீயை ஊதும் நேரத்தில் அவர்கள் டம்ளருக்குக் கீழேயே அவர்கள் எடுத்த சீட்டை வைத்துவிடுவாள்.

ஒரு ஞாயிறு, இரண்டரை மணி இருக்கும். அவள் அறை மூலையில் உட்கார்ந்து கையைப் பழக்கிக்கொண்டிருந்தாள். ஆண்கள் நாலு பேரும் புதுக்கட்டில் ஆடிக்கொண்டிருந்தார்கள். வெளியே ஜீப் சத்தம் கேட்டது. அன்னபுஷ்பம் தலையை நிமிர்த்துவதற்குள் நாலு பேரும் ஓலைத்தடுப்பைப் பிய்த்துக்கொண்டு நெல் வயலுக்குள் இறங்கிவிட்டார்கள். புதுக்கட்டும் அவர்களோடு போயிற்று. புதிதாக வந்திருந்த சப்-இன்ஸ்பெக்டர் சபாபதி உள்ளே நுழைந்தபோது, சூதாட்டக் கூடத்தில் பாய் ஒன்றும், நாலு ஜோடிச் செருப்பும், சீட்டுக்கட்டோடு ஒரு பெண்பிள்ளையும் மட்டுமே இருந்தன.

"ஆம்பளைங்க எங்கம்மா?"

அன்னபுஷ்பம் பொய் சொல்லிப் பழக்கமில்லாதவள். செருப்புகளைப் பார்த்தாள். "எப்படியும் வருவாங்க சார்" என்றாள்.

"நீ ஆடிக்கினு இருந்தியா?"

"எனக்கு ஆடவே தெரியாது சார்."

சபாபதி அவள் இடது கையைப் பார்த்தார். பயத்தில் அந்தக் கை தன்பாட்டுக்குக் கட்டை வெட்டிக்கொண்டிருந்தது. ஒரு தடவை, இரண்டு தடவை, மூன்று தடவை.

"ஆடத் தெரியாத கையா இது?"

"டாக்டர் சொன்னாரு சார்."

அவர் உத்தியோகத்தில் எத்தனையோ சாக்குகளைக் கேட்டிருப்பார். வைத்தியத்துக்காகச் சீட்டு என்பது புதிது. பெண்பிள்ளையைக் கைது செய்வது எப்படி என்றும் அவருக்குச் சரியாகத் தெரியவில்லை. "வந்து சொல்லிட்டுப் போ" என்றார். பக்கத்து வீட்டு முனியம்மாள் துணைக்கு வந்தாள். ரோட்டோரத்துப் போலீஸ் அவுட்போஸ்ட்டுக்கு எல்லோருமாக ஜீப்பில் போனார்கள். ஜீப்பில் ஏறியது அதுவே முதல் தடவை என்று முனியம்மாள் சந்தோஷப்பட்டாள்.

அங்கே கான்ஸ்டபிள் கோதண்டம் காகிதம் எடுத்து, பிடிபட்ட பொருள் 'சீட்டுக்கட்டு ஒன்று, சீட்டு ஐம்பத்திரண்டு' என்று எழுதினார். அன்னபுஷ்பம் அழவில்லை. தான் சொல்வது உண்மை என்று இந்த மனுஷனுக்கு எப்படிப் புரியவைப்பது என்பதே அவள் யோசனையாக இருந்தது.

"சார், நான் வித்தைதான் பண்ணுவேன். வேணும்னா ஒரு சீட்டு எடுங்க."

சபாபதி முறைத்தார். முறைத்துக்கொண்டே ஒரு சீட்டை எடுத்தார். பார்த்தார். வைத்தார். அவள் கட்டை வெட்டினாள், ஒரே கையால். முனியம்மாளைத் திரும்பிப் பார்த்து, "யக்கா, உன் முந்தானையில இன்னா, எறும்பா?" என்றாள். முனியம்மாள் அலறிக்கொண்டு எழுந்து முந்தானையை உதறினாள். போலீஸ்காரர்கள் இருவரும் எறும்பைத் தேடினார்கள். சர்க்கரையும் விளக்கெண்ணெயும் கொடுத்த கை தன் வேலையைப் பார்த்துக்கொண்டது.

"இப்ப எண்ணிப் பாருங்க சார்."

கோதண்டம் எண்ணினார். ஐம்பத்தொன்று. மறுபடியும் எண்ணினார். ஐம்பத்தொன்று. சபாபதி பிடுங்கி எண்ணினார். "நான் எடுத்த இஸ்பேட் ராஜாவைக் காணோம்யா!" என்றார், தன்னையறியாமல்.

"உங்க தொப்பிக்கு அடியில பாருங்க சார்."

மேசைமேல் கிடந்த தொப்பியை அவர் தூக்கினார். ராஜா மல்லாந்து கிடந்தான்.

கோதண்டம் நேர்மையான ஆள். எழுதியதைத் திருத்தத் தொடங்கினார். எழுதும்போது வாய்விட்டுச் சொல்லும் வழக்கம் வேறு. "சீட்டு ஐம்பத்தொன்று குற்றவாளி கையிலும்... சீட்டு ஒன்று... சப்-இன்ஸ்பெக்டர் அவர்களின் தொப்பிக்கு அடியிலும்..."

சபாபதி காகிதத்தைப் பிடுங்கி நாலாகக் கிழித்தார். "வழக்கும் வேணாம், ஒரு மண்ணும் வேணாம். இன்னொரு தபா காட்டும்மா" என்றார்.

மகளைப் போலீஸ் பிடித்துவிட்டது என்று யாரோ சைக்கிளில் போய் வடக்குப்பட்டில் சொல்ல, உபதேசியார் செல்வநாதன் வேதப்புத்தகத்தைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு ஓட்டமும் நடையுமாக வந்து சேர்ந்தார். வாசலில் நின்று பார்த்தார். மேசையைச் சுற்றி இரண்டு போலீஸ்காரர்கள், முனியம்மாள், மாட்டுத் தகராறு சொல்ல வந்த இரண்டு கிராமத்தார்; எல்லோர் கையிலும் ஆளுக்கொரு சீட்டு; நடுவில் அவர் மகள்.

"புஷ்பம்!"

"உங்க பொண்ணா ஐயா?" என்று சபாபதி நாற்காலியை நகர்த்திப் போட்டார். "உக்காருங்க, உக்காருங்க. நீங்களும் ஒண்ணு எடுங்க."

முப்பது வருஷமாகச் சீட்டைத் தரையிலிருந்து பொறுக்கியிருக்கிறாரே தவிர, நீட்டிய கையிலிருந்து அவர் எடுத்ததில்லை. எதிரே நிற்பது போலீஸ். மறுத்தால் மகளுக்கு என்ன ஆகுமோ. ஒன்றை எடுத்தார். அன்னபுஷ்பம் அவர் முகத்தைப் பார்க்காமல், "டைமன் ஆசு" என்றாள்.

வீட்டுக்கு நடந்தார்கள். கூட்டுரோட்டுப் புளியமரம் தாண்டினார்கள். உபதேசியார், "இத்த எங்க கத்துக்கின?" என்றார்.

"உங்க பிஸ்கட் டப்பாவுலதாம்பா."

ஏரிக்கரை வந்தது. அவர் தொண்டையைச் செருமிக்கொண்டார். "அந்த ஆசு... அடியிலேர்ந்து எடுத்தியா, மேலேர்ந்து எடுத்தியா?"

ஏசுதாஸ் முழங்கால் வரை சேற்றோடு பொழுது சாய வந்து சேர்ந்தான். மனைவியைப் போலீஸிடம் விட்டுவிட்டு ஓடினவன் என்று ஊர் அவனைப் பத்து வருஷம் சொல்லிக் காட்டிற்று. அவளிடம் மன்னிப்புக் கேட்க வாய் வராமல், இனி வீட்டில் சீட்டே இருக்காது என்று சத்தியம் செய்தான். அவள் அதைக் கேட்கவேயில்லை. ஆனாலும் அவன் செய்தான். பழைய கட்டு அவுட்போஸ்ட்டிலேயே தங்கிவிட்டது. கோதண்டம் ஓய்வு நேரத்தில் பழகுவதாகக் கேள்வி. இப்படியாக அவளுடைய இரண்டாவது ஆட்டமும் நின்றது.

எண்பத்தைந்தில் அவளுக்கு நாற்பத்தெட்டு வயது. பெண்கள் இருவரையும் கட்டிக் கொடுத்தாகிவிட்டது. ஏசுதாஸின் கடையில் சைக்கிளைவிட மொபெட் பஞ்சர்தான் அதிகம் வந்தது. வல்லம் பக்கம் நிலத்தை வளைத்து போல்ட்டு, நட்டு செய்யும் கம்பெனி ஒன்று வந்திருந்தது. அதன் கேன்டீனில் அன்னபுஷ்பத்துக்குப் போண்டா போடும் வேலை கிடைத்தது. காலை ஷிஃப்டுக்கு இருநூறு போண்டா.

அங்கே லைன் சூப்பர்வைசர் ரகுபதி. திருநெல்வேலிப் பக்கத்துக்காரர், முப்பத்தொரு வயது, இரண்டு குழந்தைக்குத் தகப்பன், எதையும் அளந்து எழுதிவைக்கிற ஆள். ஒருநாள் டீ நேரத்தில் அவர் பையிலிருந்து சீட்டுக்கட்டை எடுத்தார். ஒரு கையால் விசிறி மாதிரி விரித்தார். சீட்டுகள் மயில் தோகையாக நின்றன. மூடினார். மேல் கையிலிருந்து கீழ்க் கைக்கு ஐம்பத்திரண்டையும் அருவியாகக் கொட்டினார். ஒன்று சிந்தவில்லை. அன்னபுஷ்பத்தின் கரண்டியிலிருந்த போண்டா எண்ணெயில் கருகியது.

இத்தனை காலமும் அவள் சீட்டை ஒளிக்க மட்டுமே கற்றிருந்தாள். அப்பாவிடமிருந்து, மாமியாரிடமிருந்து, எடுத்தவர் கண்ணிலிருந்து. ஒளிக்கவே வேண்டாம், எல்லோர் முன்னாலும் விரித்துக் காட்டி அழகு பார்க்கலாம் என்று ஒருவரும் அவளுக்குச் சொன்னதில்லை.

"சார், எனக்கு இத்தக் கத்துக் குடுக்கறீங்களா?"

"உங்களுக்கா? வயசு என்ன ஆகுது?"

"கைக்கு முப்பத்திநாலு. மீதிக்கு நாப்பத்தெட்டு."

ரகுபதி கண்டிப்பான வாத்தியார். கேன்டீன் சுவரில் சாக்பீஸால் கட்டம் போட்டார். தினமும் டீ நேரத்தில் பத்து விசிறி; எத்தனை சரி, எத்தனை தப்பு. கையில் ஸ்டாப் வாட்ச்.

"என்னம்மா இது, இன்னைக்கு எழுபது பர்சன்ட் ரிஜெக்‌ஷன்? என் லைன்ல இப்படிப் போச்சுன்னா என்னைய வீட்டுக்கு அனுப்பிருவாவ."

"வெரல் மடங்க மாட்டேங்குது சார், காலைல."

"வெந்நீர்ல கைய முக்குங்க. அப்புறம் கட்டைவிரல எதுக்கு இப்படி வெறைப்பா வச்சிருக்கீய? போண்டா உருட்டுத மாதிரி லேசா பிடிங்க."

அது அவளுக்கு விளங்கியது. ஆனால் எண்ணெய்ப் பிசுக்குக் கையில் சீட்டுகள் ஒட்டின. அதற்கு வழி கண்டுபிடித்தவள் அவள்தான். தொழிலாளிகள் கேரம் ஆடுகிற அறையிலிருந்து போரிக் பவுடர் எடுத்துவந்து சீட்டுகளில் தடவினாள். விசிறி வழுக்கிக்கொண்டு விரிந்தது. ரிஜெக்‌ஷன் இருபதுக்கு இறங்கிற்று. ரகுபதி தன் கட்டுக்கும் கொஞ்சம் பவுடர் கேட்டார்.

கம்பெனி ஆண்டுவிழாவில் ரகுபதி மேடையேறினார். விசிறி, அருவி எல்லாம் காட்டிவிட்டு, கடைசியில் மேனேஜர் சுப்பராயலு எடுத்த சீட்டைக் கண்டுபிடிப்பதாக ஏற்பாடு. அடிச்சீட்டு ரகசியத்தை அன்னபுஷ்பம்தான் அவருக்குச் சொல்லியிருந்தாள். மேனேஜர் முன்வரிசையில் உட்கார்ந்தபடியே ஒரு சீட்டை எடுத்தார், மனைவிக்கும் காட்டினார், திருப்பிக் கொடுத்தார். ரகுபதி மேடைக்குத் திரும்பி, வெட்டுவதற்கு முன்னால் சும்மா இருந்திருக்கலாம். கைதட்டல் போதை, இன்னொரு அருவி விட்டார். அன்று பவுடர் அதிகம். ஐம்பத்திரண்டு சீட்டும் அவர் கைக்கு மட்டும் வராமல் எல்லா இடத்துக்கும் போயின. மேடை பூராவும் சீட்டு, மைக்கின்மேல் சீட்டு, மேனேஜர் மனைவியின் மடியில் இரண்டு.

ரகுபதி சிலையாக நின்றார். முந்நூறு பேர் மூச்சு விடாமல் பார்த்தார்கள்.

அப்போது ஓரத்திலிருந்து அன்னபுஷ்பம் துடைப்பத்தோடு மேடையேறினாள். எப்படியும் பெருக்கப் போவது அவள்தான். யாரையும் பார்க்காமல் பெருக்கினாள். குனிந்தாள், நிமிர்ந்தாள். துடைப்பத்தைச் சாத்திவிட்டுப் போண்டாத் தட்டை எடுத்துக்கொண்டு இறங்கி மேனேஜர் முன்னால் நீட்டினாள்.

"சார், சூடா கீது. எடுத்துக்குங்க."

மேனேஜர் என்ன செய்வதென்று தெரியாமல் ஒரு போண்டாவை எடுத்தார். அதன் அடியில் அவர் எடுத்த கிளாவர் ஒன்பது.

கொட்டகை அதிர்ந்தது. எல்லாம் முன்கூட்டியே திட்டமிட்டது என்று மேனேஜர் ரகுபதியின் முதுகில் தட்டினார். கூட்டம் கலைந்ததும் ரகுபதி அவளைப் பிடித்துக்கொண்டார். "எப்படிம்மா? கட்டே சிதறிப் போச்சே! அடிச்சீட்டும் இல்ல, ஒண்ணும் இல்ல."

"அவரு சம்சாரத்துக்குக் காட்டும்போது நான் பின்னால நின்னு போண்டா குடுத்துக்கினு இருந்தேன்."

"அவ்வளவுதானா?"

"போண்டாக்காரிய யாரு சார் பாக்கறாங்க?"

ரகுபதிக்கு அது வித்தையே இல்லை என்று தோன்றியது. இரண்டு நாள் அவளோடு பேசவில்லை.

கஷ்டம் அதற்கப்புறம்தான் வந்தது. மேனேஜர் மனசிலிருந்ததைப் போண்டாக்காரி சொல்லிவிட்டாள் என்று சுற்றுவட்டாரம் முழுக்கப் பேச்சு. வல்லத்திலிருந்து பங்கஜம் என்ற பெண் வந்து அவள் வீட்டு வாசலில் உட்கார்ந்தாள்.

"என் ஆட்டக் காணோம் யக்கா. சீட்டப் பாத்துச் சொல்லு."

"அது வெறும் வித்தைம்மா. எனக்கு ஒண்ணும் தெரியாது."

"சொல்ல உனக்கு இஷ்டமில்ல, அப்படித்தான?"

"கழுத்துல செவப்புக் கயிறா?" என்று அன்னபுஷ்பம் வாய்தவறிக் கேட்டுவிட்டாள். அன்று காலையில் கேன்டீன் பின்கட்டில் உருளைக்கிழங்குத் தோலைத் தின்றுகொண்டிருந்த ஒரு ஆட்டை அவளே விரட்டியிருந்தாள். ஆடு அங்கேயே அகப்பட்டது. மறுவாரம் வாசலில் பதினோரு பேர். காணாமல் போன மூக்குத்தி, கோபித்துக்கொண்டு போன மருமகன், வரவேண்டிய வேலை ஆர்டர். ஏசுதாஸ் அவர்களுக்கு உட்கார பெஞ்ச் போட்டான். அதற்கும் அவளிடம் திட்டு வாங்கினான். உண்மையைச் சொல்லச் சொல்ல, அடக்கமான மனுஷி என்று மரியாதை கூடிற்று. சபைப் போதகர் யாக்கோபு ஐயர் கூப்பிட்டு அனுப்பினார்.

"அம்மா, நீங்க குறி சொல்றதா பேச்சு வருது. சபைக்கு அழகில்ல."

"எல்லாரு முன்னாலயும் தப்பு தப்பா பண்ணிக் காட்டிடறேன் ஐயா. அப்புறம் ஒருத்தரும் வரமாட்டாங்க."

எண்பத்தேழாம் வருஷம் கோவிலில் அறுப்பின் பண்டிகையன்று, காணிக்கையாக வந்த பூசணிக்காயும் வாழைத்தாரும் ஏலம் போன பிறகு, அவள் சபையார் முன்னால் நின்றாள். பங்கஜம் உட்பட வெளியாட்களும் வந்திருந்தார்கள். தானே அப்பழுக்கில்லாமல் தோற்கவேண்டும் என்று தீர்மானித்து, அடிச்சீட்டைப் பார்க்காமல் கண்ணை இறுக மூடிக்கொண்டாள். போதகரே ஒரு சீட்டை எடுத்தார். அன்னபுஷ்பம் வாய்க்கு வந்ததைச் சொன்னாள்.

"டைமன் நாலு."

போதகர் தன் சீட்டைப் பார்த்தார். அவளைப் பார்த்தார். மெதுவாக அதைத் திருப்பிக் காட்டினார். டைமன் நாலு.

கூட்டத்தில் யாரோ "ஸ்தோத்திரம்!" என்றார்கள். முப்பது வருஷத்தில் அவள் செய்த வித்தைகளிலெல்லாம் பெரிய வித்தை அதுதான். எப்படி நடந்தது என்று அவளுக்கே தெரியாத ஒரே வித்தையும் அதுதான். "இல்ல, இல்ல, இது தப்பு. இன்னொண்ணு எடுங்க ஐயா" என்று கெஞ்சினாள். இரண்டாவது தப்பாயிற்று. மூன்றாவதும் தப்பு. நாலாவதும், ஐந்தாவதும் தப்பு. ஆண்டவருக்கு நன்றி சொல்லிக்கொண்டு கட்டை மூடினாள். ஜனங்கள் முகம் தொங்கிப்போய்க் கலைந்தார்கள். எல்லோரையும்விட ஏமாந்து நின்றவர் போதகர்தான். "இன்னும் ஒரே ஒரு தடவை பாக்கலாமேம்மா?" என்றார்.

வாசலுக்குக் கூட்டம் வருவது நின்றது. பங்கஜம் மட்டும் அடுத்த சனிக்கிழமை ஒரு கட்டு முருங்கைக்கீரையோடு வந்தாள்.

"இன்னாம்மா, மறுபடியும் ஆடா?" என்றாள் அன்னபுஷ்பம்.

"ஆடு கொட்டாயிலதான் கீது. ஒண்ணும் காணாம போகல." பங்கஜம் கீரையை வைத்துவிட்டுச் சம்மணமிட்டு உட்கார்ந்தாள். "சும்மா ஒரு சீட்டு எடுக்கலாம்னு வந்தேன். தப்பா சொன்னாலும் பரவால்ல."

அன்னபுஷ்பம் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு, பவுடர் தடவிய கட்டை எடுத்து, அவள் முன்னால் அழகாக விசிறி விரித்தாள்.